எக்ஸ்-ஃபைல்ஸ் மறுபடியும், இந்த முறை ஒன்பதாவது சீசனும் சேர்த்து

போன வருடம் ஒரு ராத்திரி அக்கா போன் செய்து, "டேய், எக்ஸ்-ஃபைல்ஸ் முதல்லேர்ந்து பார்க்கலாமா? ஆனா ஒண்ணு, எதையும் தாண்டக் கூடாது" என்றாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுபடி பார்ப்பதில் தயக்கம் ஒன்றும் இல்லை, இந்தத் தொடரின் ரசிகர்கள் எல்லோருக்கும் அது தீராத வியாதி. ஆனால் நாங்கள் மறுபடி பார்ப்பது என்றால் முதல் ஐந்து சீசன்தான். ஆறில் ஏழெட்டு எபிசோடு, ஏழில் இரண்டோ மூன்றோ பொறுக்கிக்கொள்வோம், அதற்கு மேல் போக வேண்டி வந்தால் நைசாகத் திரும்பி முதல் சீசனுக்கே வந்துவிடுவோம். டூம்ஸ் வரும் எபிசோடை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்பதாவது சீசனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் விட்டு விட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே.

தாண்டாமல் என்றால் மொத்தம் 218 எபிசோடு, நடுவில் இரண்டு சினிமா. சரி என்றேன். ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. எபிசோடு ஓடும்போது பேசக் கூடாது என்று விதி போட்டவள் அக்கா, அதை முதல் நாளே மீறியவளும் அவள்தான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1993 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கிய தொடர், உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். எஃப்பிஐ அலுவலகத்தின் அடித்தளத்தில், யாரும் தொட விரும்பாத விளங்காத வழக்குகளைப் பார்க்கும் இரண்டு ஏஜென்ட்டுகள். மல்டருக்கு எல்லாவற்றிலும் வேற்றுக்கிரகவாசி தெரிவான், டாக்டருக்குப் படித்த ஸ்கல்லிக்கு எதிலும் தெரியமாட்டான். மல்டராக டேவிட் டுகோவ்னி, ஸ்கல்லியாக ஜில்லியன் ஆண்டர்சன். ஒன்பது சீசன் ஓடி 2002 மே மாதம் முடிந்தது, 2016-இலும் 2018-இலும் திரும்பி வந்தது. எபிசோடுகளில் இரண்டு ஜாதி உண்டு. அந்த வாரத்தோடு முடிந்துபோகிற பேய்-பிசாசு-விநோதக் கதைகளை 'மான்ஸ்டர் ஆஃப் த வீக்' என்பார்கள். வேற்றுக்கிரகவாசிகளோடு அரசாங்கத்துக்குள் இருக்கும் ஒரு கும்பல் போட்ட ரகசிய உடன்படிக்கை, மல்டரின் தங்கை கடத்தப்பட்டது, கறுப்பு எண்ணெய், தேனீ என்று வருடக்கணக்காக இழுக்கும் பெரிய கதைக்கு 'மித்தாலஜி' என்று பெயர். ஆண்டர்சன் ஓய்ந்து, டுகோவ்னி கிளம்பி, கடைசியில் ரசிகர்களும் கலைந்துபோன தொடர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எப்போது கெட்டது என்பதில்தான் சண்டை. படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலஸ் போனதும் கெட்டது என்பார் ஒருவர், டுகோவ்னி போனதும் என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சியாக இருந்தேன்.

முதல் சீசன் இன்றைக்கும் நிற்கிறது. பைலட் எபிசோடில் தோள்பட்டை அகலமாக இருக்கும் அந்தக் கோட்டுகளைப் பார்த்து முதல் பத்து நிமிடம் சிரித்தோம், அப்புறம் மறந்துபோனது. மூன்றாவது எபிசோடு 'ஸ்க்வீஸ்'. முப்பது வருடத்துக்கு ஒரு தரம் தூக்கத்திலிருந்து எழுந்து, ஐந்து பேரின் கல்லீரலைத் தின்றுவிட்டு மறுபடி தூங்கப் போகும் யூஜீன் டூம்ஸ். புகைபோக்கி, காற்றுக்குழாய், எந்தச் சந்தாக இருந்தாலும் உடம்பை நீட்டி உள்ளே வந்துவிடுவான். இதில் ரத்தம் எல்லாம் பெரிதாகக் காட்டமாட்டார்கள். கடைசிக் காட்சியில் அவன் சிறையில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறான். காவலர் கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறார். டூம்ஸ் தட்டைப் பார்க்கவில்லை, திறப்பைப் பார்க்கிறான். மெல்ல ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். சின்ன வயதில் அதற்கப்புறம் பல நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இப்போது கேட்டால் அது நான்தான் என்கிறாள்.

முதல் ஐந்து சீசனும், அதாவது 117 எபிசோடும், கனடாவின் வான்கூவரில் எடுத்தவை. மழை, பைன் மரக் காடு, எந்நேரமும் மேகம் மூடிய வானம், அதைக் கிழித்துக்கொண்டு போகும் இரண்டு டார்ச் வெளிச்சம். இந்தத் தொடரின் பாதி பயம் அந்தச் சீதோஷ்ணத்தில் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜான் பார்ட்லி 'க்ரோடெஸ்க்' எபிசோடுக்காக எம்மி விருது வாங்கினார். ஆறாவது சீசன் தொடங்கும்போது படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது. மாறியதும் கதை அரிசோனா வெயிலில் போய் இறங்குகிறது. அக்கா உடனே, "யாரோ லைட்ட போட்டுட்டாங்கடா" என்றாள். அது சரிதான், ஆனாலும் வெயிலால் தொடர் கெடவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நல்ல எபிசோடு என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது ஒன்றே ஒன்று. மூன்றாவது சீசனின் 'க்ளைட் ப்ரக்மேன்ஸ் ஃபைனல் ரெப்போஸ்'. எழுதியவர் டாரின் மோர்கன். இந்த மனிதர் அதற்கு முன்பு ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, சாக்கடைக்குள் இருக்கும் ஃப்ளூக்மேன் என்ற புழு மனிதனாக இதே தொடரில் நடித்தவர். எழுத வந்து, முதல் ஒன்பது சீசனில் அவர் பெயரில் வந்த திரைக்கதை நாலே நாலுதான், நாலும் சொத்து. ப்ரக்மேன் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், யாரைப் பார்த்தாலும் அவர்கள் எப்படிச் சாவார்கள் என்று தெரிந்துவிடும், அந்த வரத்தால் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. பாலிசி விற்கக்கூட உதவவில்லை. ஒரு கட்டத்தில் ஸ்கல்லி, சும்மா கேட்பது போல, நான் எப்படிச் சாவேன் என்கிறாள். நீ சாகமாட்டாய் என்கிறார் அவர். இந்த ஒரு வரியை வைத்து ரசிகர்கள் முப்பது வருடமாக ஸ்கல்லிக்கு மரணமே கிடையாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் இருவரும் ஒரு கட்டிலில் இருப்போம், கைகள் கோத்திருக்கும், நீ இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாய், ஒரு கண்ணீர்த்துளி வழியும் என்றும் அவர் சொல்லியிருப்பார். ஏதோ கிழவரின் வழிசல் என்று நினைத்து ஸ்கல்லி தள்ளிவிடுகிறாள். கடைசியில் அவர் அறைக்குள் போனால், மனிதர் கட்டிலில் இறந்து கிடக்கிறார், தலையில் பிளாஸ்டிக் பை. அந்தப் பையின் உட்புறம் ஈரம் கோத்து ஒரு துளி வழிகிறது. ஸ்கல்லி கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முன்பு அவர் சொன்ன காட்சிதான், அப்படியே, ஒன்று விடாமல். எத்தனையோ முறை பார்த்தும் அந்தத் துளியை மட்டும் இந்த முறைதான் கவனித்தேன். போனில் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்தினாள். மோர்கனும் ப்ரக்மேனாக நடித்த பீட்டர் பாய்லும் 1996-இல் இதற்காக ஆளுக்கொரு எம்மி வாங்கினார்கள். அந்த எபிசோடு முடியும்போது, எஜமானி இல்லாமல் போன ஒரு குட்டி நாய் ஸ்கல்லிக்கு வந்து சேர்கிறது. நாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் தியரிக்கு வருகிறேன்.

வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இந்தத் தொடரில் நமக்குப் பிடித்தவற்றில் பாதியை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்த சிகரெட் மனிதனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடில் அந்த வேஷம் போட்ட வில்லியம் பி. டேவிஸுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. ஓரமாக நின்று புகைவிடுவார், கடைசியில் பென்டகனுக்குள் வரிசை வரிசையாக அலமாரி இருக்கும் ஒரு கிடங்கில் நடந்து போய், ஆதாரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். வெறும் அறைக்கலன் மாதிரி நின்றவர் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்ததால் வில்லனாக வளர்ந்தார். அந்த டைட்டில் இசை, மார்க் ஸ்நோ எதையெதையோ போட்டுப் பார்த்து அலுத்து, எக்கோ போட்டிருந்த கீபோர்டில் கை தற்செயலாக விழுந்து பிறந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டர்சனின் கர்ப்பம். முதல் சீசன் நடக்கும்போதே கர்ப்பமாகிவிட்டார். இன்னொருவரைப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. கார்ட்டர் அவரை விடவில்லை. அதற்காக எக்ஸ்-ஃபைல்ஸ் பிரிவையே கதையில் மூடினார்கள், மல்டரையும் ஸ்கல்லியையும் பிரித்தார்கள், இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் ஸ்கல்லி எப்போதும் மேஜைக்குப் பின்னால், பெரிய கோட்டுக்குள், இல்லையென்றால் முகம் மட்டும் தெரிகிற மாதிரி. அதன் பிறகும் சமாளிக்க முடியாதபோது அவளைக் கடத்தினார்கள். 'அசென்ஷன்' எபிசோடில் ஸ்கல்லியின் வயிறு உப்பிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு ஷாட் வரும், அது ஆண்டர்சனின் நிஜமான வயிறு. ஒரே ஒரு எபிசோடில் ஆளே இல்லை. அடுத்ததில், பிரசவமாகிச் சுமார் பத்தே நாளில், திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே நடித்தார். அதுதான் 'ஒன் ப்ரெத்'. நினைவில்லாமல் கிடக்கும் ஸ்கல்லி, அவள் மனதுக்குள் ஓர் ஏரியில் ஒரு படகில் உட்கார்ந்திருக்கிறாள். படகைத் துறையோடு ஒரு கயிறு கட்டியிருக்கிறது. துறையில் அவளுக்கு வேண்டியவர்கள் நிற்கிறார்கள். இங்கே மெஷினை நிறுத்துகிறார்கள், அங்கே கயிறு அறுந்து படகு மெல்ல விலகுகிறது. வசனமே இல்லாமல்.

ஒரு நடிகை நடிக்க முடியாமல் போன சில வாரங்களை அடைக்கப் போய் இவ்வளவும் வந்தது. அடுத்து வந்ததைப் பாருங்கள். கடத்தப்பட்டதால் கழுத்தில் சிப், சிப்பை எடுத்ததால் புற்றுநோய், குழந்தை பெற முடியாது என்பது, எமிலி என்ற குழந்தை, கடைசியில் மகன் வில்லியம். பதினொரு சீசன் முதுகெலும்பே அந்தப் பிரசவ விடுப்பு. 'லெனர்ட் பெட்ஸ்' எபிசோடில், புற்றுநோய்க் கட்டிகளைச் சாப்பிட்டு வாழும் ஒருவன் ஸ்கல்லியைப் பார்த்து, மன்னிக்கணும், எனக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது என்கிற மாதிரிச் சொல்கிறான். ஸ்கல்லியின் முகம் மாறுவதை மட்டும் பாருங்கள். 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் மேட்ச் முடிந்ததும் போட்டார்கள், சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள், தொடரின் உச்சம் அதுதான்.

சரி, உச்சம் இதுவென்றால் சரிவும் இங்கேயே பக்கத்தில்தானே இருக்க வேண்டும். இருக்கிறது. அன்றைக்கு வாரம் ஒன்றாகப் பார்த்தபோது தெரியாதது, நாளுக்கு ஒன்றாகப் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது: மித்தாலஜி எபிசோடுகளில் ஒரு கதவு திறந்தால் அதற்குள் இன்னொரு கதவு, அவ்வளவுதான். மல்டரின் தங்கை சமாந்தாவை எடுத்துக்கொள்வோம். 1973 நவம்பரில் எட்டு வயதில் காணாமல் போகிறாள். இரண்டாவது சீசனில் பெரியவளாகத் திரும்பி வருகிறாள், க்ளோன். நாலாவதில் அவளை ஒரு சீரியல் கொலைகாரன் கொன்றிருக்கலாம் என்கிறார்கள். ஐந்தாவதில் சிகரெட் மனிதன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு ஓட்டலில் உட்காரவைக்கிறான், அவளும் வந்த வேகத்தில் எழுந்து போய்விடுகிறாள். ஏழாவதில், 2000 பிப்ரவரியில் வந்த 'க்ளோஷர்' எபிசோடில், அவள் எப்போதோ நட்சத்திர ஒளியாகிவிட்டாள் என்று முடித்துவிட்டார்கள். ஏழு வருடம் காத்திருந்து நட்சத்திர ஒளி! டுகோவ்னியின் முகத்தையும் அந்தப் பாட்டையும் பார்த்து அக்காவுக்கு அது பிடித்திருந்தது, எனக்கு அன்றைக்கும் கடுப்பு, இன்றைக்கும் கடுப்பு.

இதில் வேடிக்கை, கொலைகாரன் வரும் அந்த 'பேப்பர் ஹார்ட்ஸ்', வின்ஸ் கில்லிகன் எழுதியது, பெரிய கதைக்குச் சம்பந்தமில்லாத ஒற்றை எபிசோடு. கொலைகாரன் ஒவ்வொரு சிறுமியின் உடையிலிருந்தும் ஓர் இதய வடிவத் துண்டைக் கத்தரித்து வைத்திருக்கிறான். முடிவில் யாருடையது என்று தெரியாத ஒரு துணி இதயம் மிஞ்சுகிறது. மல்டர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போடுகிறான். சமாந்தாவுக்கு ஒரு முடிவு தேவையென்றால் எனக்கு அந்த இழுப்பறை போதும்.

மித்தாலஜி ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நன்றாக ஓடுகிற தொடரை சேனல் நிறுத்தாது, நிறுத்தாத வரை பதில் சொல்ல முடியாது. அதோடு சினிமா வேறு. முதல் சினிமாவை 1997-இல் நாலாவது, ஐந்தாவது சீசன்களுக்கு நடுவே எடுத்துவிட்டார்கள், ரிலீஸ் 1998 ஜூனில். அப்படியென்றால் ஐந்தாவது சீசன் முழுவதும், ஏற்கெனவே எடுத்து டப்பாவுக்குள் வைத்திருக்கும் ஒரு படத்தில் போய் ஒழுங்காக இறங்க வேண்டும். முதல் தடவையாக இவர்கள் கையில் போய்ச் சேரும் இடத்தோடு வரைபடம். தற்செயலுக்கு இடமே இல்லை. படத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது மல்டர் வீட்டு வாசல் வராந்தா: இரண்டு பேர் முகமும் நெருங்கி, இன்னும் ஓர் அங்குலம் இருக்கும்போது ஸ்கல்லியின் காலருக்குள் இருக்கும் தேனீ கொட்டிவிடும். 'ஷிப்பர்' என்ற வார்த்தையைக் காதல் கட்சிக்கு வைத்ததே இந்தத் தொடரின் ரசிகர்கள்தான், அவர்கள் அந்தத் தேனீயை இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா ஷிப்பர். நான் எந்தக் கட்சி என்று சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

ஆறாவது சீசனைத் திட்டி வந்த நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வெயில் அடித்தாலும் நல்ல சீசன். 'டிரைவ்' எபிசோடில் மேற்கே வேகமாகப் போய்க்கொண்டே இருக்காவிட்டால் தலை வெடித்துவிடும் ஒருவன், பின்சீட்டிலிருந்து மல்டரைத் திட்டிக்கொண்டே வருகிறான். பிடிக்கவே முடியாத ஆள், முடிவில் அவனுக்காக மனம் கிடந்து தவிக்கிறது. மேற்கே கடல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் கதை. நடித்தவர் பிரையன் க்ரான்ஸ்டன், எழுதியவர் கில்லிகன். பத்து வருடம் கழித்து 'ப்ரேக்கிங் பேட்' தொடருக்கு ஆள் தேடியபோது கில்லிகன் இந்த எபிசோடைக் காட்டித்தான் சேனல்காரர்களைச் சம்மதிக்கவைத்தார்.

ஆனால் அதே சீசனில், 1999 பிப்ரவரியில், அந்தச் சதிக் கும்பலை மொத்தமாக ஒரு விமானக் கொட்டகையில் நிறுத்தி எரித்துவிட்டார்கள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, அப்பாடா, ஒரு வழியாக முடித்தார்கள் என்று. இப்போது பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. கதை முடிந்தது, தொடர் முடியவில்லை. இன்னும் மூன்று சீசன் இருக்கிறது, அப்புறம் இன்னும் இரண்டு.

ஏழாவது சீசனில் டுகோவ்னி சோர்ந்துபோயிருப்பது நன்றாகவே தெரிகிறது. மறு ஒளிபரப்பு வருமானம் தொடர்பாக 1999-இல் அவர் ஃபாக்ஸ் மேல் வழக்குப் போட்டிருந்தார், பிறகு சமரசமானது. 2000 மே மாதம் மல்டரை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிக்கொண்டு போனார்கள், எட்டாவது சீசனில் டுகோவ்னி பாதி எபிசோடுகளில்தான் வருகிறார். ஆள் இல்லை, கடத்து. ஆறு வருடத்துக்கு முன்பு ஸ்கல்லிக்குச் செய்த அதே வைத்தியம். அன்றைக்கு அது புதிதாக ஒரு காயத்தைக் கண்டுபிடித்தது. இந்த முறை பழைய தழும்பைச் சொறிவது மாதிரி இருந்தது.

இங்கேதான் என் கட்சி தோற்றது. டுகோவ்னி போனதும் கெட்டது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், எட்டாவது சீசனை ஒழுங்காகப் பார்த்தால் அது ஏழைவிட உயிரோடு இருக்கிறது. காரணம் மல்டரைத் தேட வரும் புது ஏஜென்ட் ஜான் டாகெட், அதாவது அந்த வேஷம் போட்ட ராபர்ட் பாட்ரிக். அறிமுகக் காட்சியில் மல்டரைத் தெரிந்தவன் போலப் பேசி ஸ்கல்லியிடம் விஷயம் கறக்கப் பார்க்கிறான். அவள் கண்டுபிடித்ததும் கையிலிருக்கும் கப்பில் இருந்த தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிவிட்டு எழுந்து போகிறாள். அவன் துடைத்துக்கொள்ளக்கூட அவசரப்படவில்லை. முகத்தில் தண்ணீர் வழிய, போகிறவளைப் பார்த்தபடி இருக்கிறான். அந்த ஒரு காட்சியிலேயே மனுஷன் எனக்குப் பிடித்துப்போனான். 2000-இல் ஏன் பிடிக்கவில்லை? அன்றைக்கு நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, மல்டரின் காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லா ரசிகர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

ஒன்பதாவதை மட்டும் காப்பாற்ற முடியாது. சூப்பர் சோல்ஜர், சூப்பர் சோல்ஜர் என்று யாராவது ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், ஸ்கல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுகிறாள், வராத மல்டருக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். 2001 நவம்பரில் தொடங்கிய சீசன். அமெரிக்காவில் செப்டம்பர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அரசாங்கமே குற்றவாளி என்ற கதையைக் கேட்கும் மனநிலையில் அந்த நாடு இல்லை. மூன்று கம்ப்யூட்டர் பைத்தியங்களான லோன் கன்மென்னையும் இதே சீசனில் கொன்றுவிட்டார்கள். அந்த எபிசோடின் பெயர் 'ஜம்ப் த ஷார்க்'. ஒரு தொடர் எந்த இடத்தில் கெட்டுப்போனது என்று குறிக்க அமெரிக்காவில் சொல்லும் சொல். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள் போல, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி எபிசோடில் மல்டர் மேல் ஒரு விசாரணை நடக்கிறது, பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒன்பது வருடக் கதையையும் ஒப்பிக்கிறார்கள். "இது கோர்ட் சீன் இல்லடா, ரிவிஷன் கிளாஸ்" என்றாள் அக்கா.

ஆனால் நடுவில் 'ஜான் டோ' என்று ஒன்று. இது இருப்பதையே மறந்திருந்தேன். டாகெட் ஒரு மெக்ஸிகோ ஊரில் கண் விழிக்கிறான், பெயர் தெரியவில்லை, தான் போலீஸா திருடனா என்றும் தெரியவில்லை. அவனுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஞாபகம், சின்னப் பையன் ஒருவன் காலையில் கட்டிலில் ஏறி அவனை எழுப்புவது. தனக்கு ஒரு மகன் இருக்கிறான், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஓடுகிறான். பார்க்கிற நமக்குத் தெரியும், அந்தப் பையன் எப்போதோ கொலையாகிவிட்டான். நினைவு திரும்பினால் அதுவும் சேர்ந்தே திரும்பும். திரும்புகிறது. பாட்ரிக்கின் முகத்தில் அந்தச் சந்தோஷம் அணைகிற நொடியை நான் ஒரு தடவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தேன். இதையும் கில்லிகன்தான் எழுதினார். செத்துப்போன சீசன் என்று எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுப் போன வீட்டுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து இப்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

2008 சினிமா பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பனி நிறைய பெய்கிறது.

2016-இல் திரும்பி வந்ததைப் பற்றி முன்பே நிறைய கத்தியிருக்கிறேன். வேற்றுக்கிரகப் படையெடுப்புக்குத் தொடரே குறித்த தேதி 2012 டிசம்பர் 22. அது பாட்டுக்கு வந்து போய்விட்டது, எனவே எல்லாமே மனிதர்களின் பித்தலாட்டம் என்று கதையைத் திருப்பினார்கள். அந்தச் சீசன் முடிவில் உலகமே கொள்ளைநோயில் விழ, 2018-இல் அடுத்தது தொடங்கும்போது அதெல்லாம் ஸ்கல்லி கண்ட காட்சி என்றார்கள். கனவு! அதே எபிசோடின் கடைசியில், வில்லியம் உருவானதற்குப் பின்னால் இருந்தது சிகரெட் மனிதன் என்றும், அது ஸ்கல்லிக்குத் தெரியாமலே செய்தது என்றும் ஒரு குண்டைப் போட்டார்கள். அக்கா அன்றைக்கு விதியை மீறி நடுவிலேயே கத்தினாள், அப்புறம் இரண்டு நாள் எபிசோடு பார்க்க வரவில்லை. ஓரமாக நின்று புகைத்ததாலேயே பயங்கரமாக இருந்த மனிதனை எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிட்டார்கள். வாயைத் திறக்காத அந்த முதல் எபிசோடு ஆளைப் பார்த்து எனக்கு இருந்த பயத்தில் கால்வாசிகூட இப்போது இல்லை.

அதே திரும்பிவந்த சீசன்களில்தான் டாரின் மோர்கனும் திரும்பி வந்தார், நாயும் திரும்பி வந்தது. ப்ரக்மேன் எபிசோடில் ஸ்கல்லிக்கு வந்த நாய்க்கு க்வீக்வெக் என்று பெயர் வைத்திருந்தாள், அதை அதே சீசனில் முதலை தின்றுவிட்டது. இருபது வருடம் கழித்து மோர்கன் எழுதிய ஓநாய்மனிதன் மாதிரியான ஒரு எபிசோடு. மனிதன் கடித்துவிட்டதால், தினமும் காலையில் மனிதனாக மாறிவிடும் அப்பாவிப் பல்லி ஒன்று. மனிதனானதும் உடனே அதற்கு உடை வேண்டும், வேலை வேண்டும், பொய் சொல்லத் தோன்றுகிறது. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. நானும் அக்காவும் சிரித்துச் சிரித்து ஒரு கட்டத்தில் யார் வீட்டில் எந்த நிமிடம் ஓடுகிறது என்றே குழம்பிப்போனோம். அதில் வரும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் கிம் மேனர்ஸ் என்று பெயர் இருக்கும். தொடரின் எத்தனையோ நல்ல எபிசோடுகளை இயக்கியவர், 2009-இல் இறந்துபோனார். முடிவில் ஸ்கல்லி இன்னொரு குட்டி நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், பெயர் டாகு. இரண்டு பெயரும் ஒரே நாவலிலிருந்து. இருபது வருடம் முன்பு முதலை தின்ற நாய்க்காகப் பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருந்திருக்கிறார் மனுஷன்.

ரயன் கூக்லர் இந்தத் தொடரைப் புதிதாக எடுக்கும் வேலையில் இருக்கிறார். அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அக்காவிடம் கேட்டேன். அது 218-ஆவது எபிசோடு முடிந்த ராத்திரி. துறைமுகத்தில் சுட்டு, தண்ணீரில் தள்ளி, எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"நாளைக்கு என்ன பார்க்கலாம்?"

"முதல்லேர்ந்தா?" என்றேன். "டூம்ஸ்? ப்ரக்மேன்?"

"இல்ல. அந்த மெக்ஸிகோ எபிசோடு. எத்தனாவது அது?"

"ஒன்பதாவது சீசன்க்கா. ஏழாவது எபிசோடு."

"சரி, ஒன்பது மணிக்கு வந்துடு" என்று போனை வைத்துவிட்டாள்.